நிக்கல் மைன்ஸ் ஆமிஷ் மக்கள் அன்னைக்கே எப்படி மன்னிச்சாங்க? அனபாப்டிஸ்ட் விசுவாசம் பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

தாமிரபரணி_வாசகன்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க சபை வாலிபர் கூடுகையில இந்த மாசம் "பாடுகள்"ங்கிற தலைப்புல பேச என்னைப் போட்டிருக்காங்க. அதுக்குப் படிக்கப்போய் அனபாப்டிஸ்ட்காரங்க (குழந்தைக்கு இல்ல, தானா விசுவாசிச்ச பிறகுதான் ஞானஸ்நானம்னு சொல்ற கிறிஸ்தவங்க, ஆமிஷ், மெனோனைட் எல்லாம் அந்த வழியில வந்தவங்கதான்) கதையில மாட்டிக்கிட்டேன், ரெண்டு வாரமா வேற எதுவும் ஓடல.

2006 அக்டோபர் 2, பென்சில்வேனியா லாங்காஸ்டர் கவுன்ட்டியில நிக்கல் மைன்ஸ்னு ஒரு இடம், ஆமிஷ் பிள்ளைங்க படிக்கிற ஒரே ரூம் ஸ்கூல். அந்தப் பக்கத்துப் பண்ணைகள்ல பால் எடுக்கிற லாரி டிரைவர் துப்பாக்கியோட உள்ள போய், பையன்களை வெளிய அனுப்பிட்டு, பத்துப் பொம்பளைப் பிள்ளைங்களைச் சுட்டிருக்கார். அஞ்சு பிள்ளைங்க இறந்துட்டாங்க, அவரும் தன்னைத்தானே சுட்டுக்கிட்டார். அன்னைக்கு ராத்திரிக்குள்ளயே ஆமிஷ் ஆளுங்க சிலர் அவர் மனைவி, அப்பா அம்மாவைத் தேடிப்போய் உங்க மேல எங்களுக்கு எந்தக் கசப்பும் இல்லன்னு சொல்லிக் கட்டிப்பிடிச்சு அழுதிருக்காங்க, அவர் அடக்கத்துக்கு வந்தவங்கள்ல பாதிக்கு மேல ஆமிஷ்தான், ஜனங்க அனுப்பின நன்கொடையில ஒரு பங்கை அவர் குடும்பத்துக்கும் குடுத்திருக்காங்க.

நான் கேட்டு வளர்ந்த பிரசங்கத்துல கஷ்டத்துக்கு ரெண்டே பதில்தான். ஒண்ணு நீ எங்கயோ தப்பு பண்ணிட்ட, இல்லன்னா பொறுத்துக்கோ ரெட்டிப்பா ஆசீர்வாதம் வருது. இவங்க ரெண்டையும் சொல்லலையே. இது எங்கிருந்து வருது? துக்கத்தை உள்ளயே போட்டு அமுக்கிக்கிறாங்களா? கரன்ட் இல்லாம குதிரை வண்டியில போறதுக்கும் இப்படி மன்னிக்கிறதுக்கும் உண்மையிலயே சம்பந்தம் இருக்கா, இல்ல நாமளா முடிச்சு போடுறோமா?

எஸ்தர்_வாசிப்பு:

தம்பி, நல்ல கேள்வி. இதுக்கு 1525-ல இருந்து ஆரம்பிக்கணும், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

அந்த வருஷம் ஜனவரி 21 ராத்திரி சூரிச்ல ஒரு வீட்டுல கொஞ்சப் பேர் கூடினாங்க. எல்லாம் அந்த ஊர் சபைச் சீர்திருத்தத்தை நடத்தின ஸ்விங்லி ஐயாகிட்ட வேதம் படிச்ச ஆளுங்க, அவர் சொல்லிக்குடுத்ததையே அவரைவிட நேரா எடுத்துக்கிட்டவங்க. அங்க கான்ராட் கிரேபெல், ஜார்ஜ் பிளாவ்ராக்குக்கு ஞானஸ்நானம் குடுத்தார். ஏற்கெனவே குழந்தையில வாங்கினவங்க, தாங்களா விசுவாசிச்சு மறுபடி வாங்குறாங்க. அதுக்குச் சில நாள் முன்னாடிதான் நகர சபை, எல்லாரும் எட்டு நாளைக்குள்ள குழந்தைக்கு ஞானஸ்நானம் குடுக்கணும் இல்லன்னா ஊரைவிட்டுப் போகணும்னு உத்தரவு போட்டிருந்தது. தண்ணி விஷயத்துக்கு சர்க்கார் ஏன் இவ்ளோ பதறணும்னு தோணும். அப்ப ஊர்ல பிறந்தவன்னா சபையில உள்ளவன், சபையில உள்ளவன்னா ராஜா சொன்னா வாள் எடுக்கிறவன், எல்லாம் ஒரே கணக்கு. இவங்க வந்து, விசுவாசம் அவனவன் தானா தெரிஞ்சு எடுக்கிற முடிவு, யாரும் யார்மேலயும் திணிக்க முடியாது, நாங்க சத்தியப்பிரமாணம் பண்ணமாட்டோம், வாளும் எடுக்கமாட்டோம்னு சொன்னா கணக்கே கலைஞ்சு போகுதே.

1527 ஜனவரி 5, பெலிக்ஸ் மான்ஸ். கை ரெண்டையும் முழங்காலைச் சுத்திக் கட்டி, இடையில ஒரு கம்பைச் சொருகி, படகுல கொண்டுபோய் லிம்மாட் ஆத்துல அமுக்கினாங்க. கரையில நின்னு அவங்க அம்மா உறுதியா இருப்பான்னு சத்தம் போட்டாங்களாம். கொன்னது கத்தோலிக்கர் இல்ல, சீர்திருத்த சபை நடத்தின ஊர். அதுக்கப்புறம் கத்தோலிக்க நாட்டுலயும் புராட்டஸ்டன்ட் நாட்டுலயும் ஒரே மாதிரி வேட்டை, அந்த நூற்றாண்டுல மட்டும் ரெண்டாயிரம் பேருக்குக் குறையாது.

நீங்க கேட்ட மன்னிப்புக்கு இவங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கெல்லாம் தெரிஞ்ச கதை ஒண்ணு இருக்கு. டிர்க் வில்லெம்ஸ், ஹாலந்துல ஆஸ்பெரன் ஊர், 1569. ஜெயில்ல இருந்து துணியை முடிச்சுப்போட்டு இறங்கித் தப்பிச்சு ஓடுறார், உறைஞ்சு கிடக்கிற தண்ணி மேல. ஜெயில் சோறு தின்னு ஒல்லியான ஆளு, ஐஸ் தாங்கிடுச்சு. துரத்தி வந்தவன் உடைஞ்சு உள்ள விழுந்துட்டான். டிர்க் திரும்பி வந்து அவனைத் தூக்கிவிட்டார். வெளிய வந்தவன் இவரை விட்டுடலாம்னு பாக்குறான், கரையில நின்ன ஊர்த்தலைவர் உன் சத்தியப்பிரமாணம் ஞாபகம் இருக்கட்டும்னு கத்த, அங்கயே பிடிச்சு, மே 16-ல எரிச்சுட்டாங்க. அன்னைக்குக் காத்து தீயை ஒரு பக்கமா தள்ளினதால ரொம்ப நேரம் உயிர் போகல, அவர் "என் கர்த்தாவே"ன்னு எழுபது தடவைக்கு மேல கூப்பிட்டது பக்கத்து ஊர் வரைக்கும் கேட்டுச்சுன்னு எழுதி வச்சிருக்காங்க. இந்த மாதிரி சாட்சிகளையெல்லாம் வான் பிராக்ட்னு ஒருத்தர் 1660-ல தொகுத்தார், "இரத்தசாட்சிகளின் கண்ணாடி"ன்னு வச்சுக்கோங்க. இன்னைக்கும் ஆமிஷ், மெனோனைட் வீடுகள்ல பைபிளுக்குப் பக்கத்துல இருக்கும், கல்யாணத்துக்குப் பரிசா குடுப்பாங்க.

ஆராதனையில பாடுற பாட்டும் அதே காலத்துதான். 1535-ல இருந்து ஜெர்மனி பஸாவ் கோட்டை நிலவறையில அடைபட்டுக் கிடந்தவங்க எழுதின பாட்டுங்க "ஆவுஸ்புண்ட்"ங்கிற பாட்டுப் புஸ்தகத்துக்கு அடிப்படை, ஆமிஷ் சபையில ஆராதனை நடக்கிற ஞாயிறெல்லாம் அதைத்தான் பாடுறாங்க, ரெண்டாவது பாட்டு நாலே சரணம்தான், இழுத்துப் பாடி முடிக்க இருபது நிமிஷம் ஆகும். அப்போ கஷ்டம்னா தண்டனைன்னோ, சீக்கிரம் முடிஞ்சுபோற பரீட்சைன்னோ இவங்களுக்குச் சொல்லித் தரல. கிறிஸ்து பின்னாடி போனா இதுவும் வரும், வந்தா திருப்பி அடிக்காத, அவ்ளோதான்.

ஜெர்மனியில மூன்ஸ்டர் ஊர்ல நடந்ததையும் சொல்லிடணும், இல்லன்னா வேற யாராவது கேப்பாங்க. 1534-35-ல அனபாப்டிஸ்ட்னு சொல்லிக்கிட்ட ஒரு கூட்டமே அந்த ஊரைப் பிடிச்சு வாளால ராஜ்யம் நடத்திச்சு, மகா கொடுமை. தலைவர்களைக் கொன்னு உடம்பை அடைச்சுத் தொங்கவிட்ட இரும்புக் கூண்டு மூணும் இன்னும் சர்ச் கோபுரத்துல இருக்கு. அதைப் பாத்து மனசு உடைஞ்சுதான் 1536-ல மெனோ சைமன்ஸ் குருப்பட்டத்தை விட்டுட்டு வந்து சிதறினவங்களைச் சமாதான வழியில சேர்த்தார். மெனோனைட்ங்கிற பேரு அவராலதான்.

லாங்காஸ்டர்_ரோடு:

எஸ்தர் அக்கா வரலாறு சொல்லிட்டாங்க, நான் வேலை விஷயமா இந்தப் பக்கம் இருக்கிறதால குதிரை வண்டி கேள்விக்கு வரேன்.

பிரதர், ஆமிஷ்காரங்க மெஷின்னாலே ஆகாதுன்னு நினைக்கிறது தப்பு. இங்க பால் பண்ணையில டீசல் இன்ஜின் ஓடும், பால் குளிரவைக்கிற டேங்க் இருக்கும், பட்டறையில காத்தழுத்தத்துல ஓடுற மெஷினெல்லாம் இருக்கும். போன் கூட உண்டு, ஆனா வீட்டுக்குள்ள இல்ல, வயல் ஓரமா தகரமோ பலகையோ அடிச்ச சின்ன ரூம் மாதிரி நிக்கும், நாலஞ்சு குடும்பம் சேர்ந்து வச்சுக்கும், வேணும்னா நடந்து போய்ப் பேசிட்டு வரணும். காரை வாடகைக்கு எடுத்து ஏறிப் போவாங்க, சொந்தமா வச்சுக்கமாட்டாங்க. சைக்கிளுக்குப் பதிலா காலால உந்துற ஸ்கூட்டர், பெடல் கிடையாது, ரொம்ப தூரம் போயிட முடியாது. புதுசா ஒண்ணு வந்தா இது நம்மளை ஒருத்தரை விட்டு ஒருத்தரைப் பிரிக்குமா, பெருமையைக் கொண்டுவருமான்னு சபை கூடிப் பேசும். ஊருக்கு ஊர் முடிவு மாறும், அந்தக் கட்டுப்பாட்டுக்கு ஓர்ட்னுங்னு பேரு.

அக்கம்பக்கத்தை விட்டா வேற கதி இல்லங்கிற மாதிரி வாழ்க்கையை அமைச்சுக்கிறாங்க. இன்சூரன்ஸ் கிடையாது, களஞ்சியம் எரிஞ்சா சபைதான் கட்டிக்குடுக்கும். சோஷியல் செக்யூரிட்டி வரி கூட, எங்க வயசானவங்களை நாங்க பாத்துக்குறோம், கவர்மென்ட் வேண்டாம்னு மறுத்தாங்க. 1961-ல ஒரு ஆமிஷ் விவசாயி வயல்ல உழுதுகிட்டு இருக்கும்போதே வரி ஆபீஸ்காரங்க வந்து மூணு குதிரையைப் பிடிச்சுக்கிட்டுப் போய் ஏலம் விட்டாங்க, அவர் கைகலப்புக்கும் போகல, வரியும் கட்டல. நாடே பேசி 1965-ல சட்டத்துலயே விலக்கு குடுத்தாங்க.

மன்னிப்பு எங்க பழகுதுன்னா, வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் திருவிருந்து, அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஒரு நாள் முழுக்க சபை உக்காரும். ஒவ்வொருத்தரா, எனக்கு எல்லார்கூடயும் சமாதானம் இருக்கா, ஓர்ட்னுங்குக்கு ஒத்துக்குறேனான்னு சொல்லணும். சண்டை தீரலன்னா திருவிருந்தையே தள்ளிப்போட்டுடுவாங்க. வேலி தகராறு, கடன் பாக்கி, பேச்சு வார்த்தை எல்லாம் அங்க வந்து நிக்கும். அப்புறம் கர்த்தருடைய ஜெபத்துக்கு அடுத்த வசனம், மனுஷரை மன்னிக்கலன்னா பிதாவும் மன்னிக்கமாட்டார்ங்கிறது, அதை அவங்க அப்படியே எழுத்துப்படி எடுத்துக்கிறாங்க. சின்ன வயசுல இருந்து இப்படிப் பழகினவங்க 2006-ல அந்த ராத்திரி கூட்டம் போட்டு முடிவு பண்ணல, கால் தானா போயிருக்கு.

துக்கத்தை அமுக்கினாங்களான்னா, இல்ல பிரதர். பெத்தவங்க கவுன்சிலிங் போனாங்க, கோபம் திரும்பத் திரும்ப வருது, தினமும் மறுபடி மன்னிக்க வேண்டியிருக்குன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. அந்த ஸ்கூலைப் பத்தே நாள்ல இடிச்சு நிலத்தைப் புல்லா விட்டுட்டாங்க, அடுத்த ஏப்ரல்ல வேற இடத்துல "நியூ ஹோப்"னு புதுசு கட்டினாங்க.

ஹெப்சிபா_ஆர்:

மூணு பேரும் எழுதினதை உருக்கமா வாசிச்சேன், ஆனா இதோட நிறுத்தினா எனக்கு மனசு ஒப்பாது.

பொலிவியாவுல மனிடோபா காலனின்னு ஒரு மெனோனைட் குடியிருப்பு, பழைய முறை மாறாம வாழுறவங்க. 2005-ல இருந்து 2009 வரைக்கும் அங்க ராத்திரியில மாட்டுக்குப் போடுற மயக்க மருந்தை ஜன்னல் வழியா அடிச்சு வீட்டையே மயக்கிட்டு, சொந்த ஜனத்துல உள்ள ஆம்பளைங்களே பொம்பளைங்களை நாசம் பண்ணியிருக்காங்க. நூறு பேருக்கு மேல, மூணு வயசுக் குழந்தையும் அதுல உண்டு. விடிஞ்சதும் வலியோட எழுந்து சொன்னவங்களுக்குக் கிடைச்ச பதில், பிசாசு வேலை, இல்லன்னா உன் கற்பனை. கையும் களவுமா பிடிபட்டு 2011-ல தண்டனை ஆன பிறகும் அந்தப் பொண்ணுங்ககிட்ட பெரியவங்க கேட்டது, மன்னிச்சுட்டியா? மயக்கத்துல இருந்தவங்களுக்கு எதுக்கு கவுன்சிலிங்னு சபைத் தலைவர் ஒருத்தர் கேட்டதா பத்திரிகையில வந்துச்சு.

ஏதோ காட்டுக்குள்ள நடந்ததுன்னு தள்ள முடியாது. ஜான் ஹோவர்ட் யோடர், இயேசுவின் அகிம்சை பத்தி உலகமே படிச்ச மெனோனைட் இறையியல் அறிஞர், நூறு பெண்களுக்கு மேல பாலியல் ரீதியா துன்பப்படுத்தியிருக்கலாம்னு சபையே ஆய்வு வச்சு 2015-ல வெளியிட்டாங்க. அவர் இறந்தது 1997-ல. அத்தனை வருஷம் கமிட்டி மேல கமிட்டி போட்டு ஒப்புரவு, சமாதானம்னே பேசிக்கிட்டு இருந்திருக்காங்க.

சபை கவுன்சிலிங்ல உக்காந்தவ நான். அடி வாங்கிட்டு வர்ற பொண்ணுகிட்ட "இயேசுவும் பாடு பட்டார்மா"ன்னு சொல்லி அனுப்புறதைக் கண்ணால பாத்திருக்கேன். தம்பி, உங்க கூடுகையில நிக்கல் மைன்ஸ் கதையைச் சொல்லும்போது அப்படி ஒருத்தி கடைசி வரிசையில உக்காந்திருந்தா அவளுக்கு என்ன கேக்கும்னு யோசிங்க.

தாமிரபரணி_வாசகன்:

அக்கா, இதை நீங்க சொல்லலன்னா நான் நேரா போய் மன்னிப்பு பத்தி மட்டும் பேசியிருப்பேன். ஆனா இப்ப எப்படி ரெண்டையும் சேர்த்துப் பேசறதுன்னு தெரியல. டிர்க் பண்ணினது பெரிசுன்னும் சொல்லணும், மன்னின்னு யாரையும் அமுக்கக்கூடாதுன்னும் சொல்லணும், இது ரெண்டும் முட்டாதா?

எஸ்தர்_வாசிப்பு:

ஹெப்சிபா சொல்றது முழுக்க சரி. முட்டுறது இல்ல தம்பி, 1525-லயே பதில் இருக்கு. இவங்க ஆத்துல மூழ்கினது எதுக்காக? விசுவாசத்தை ஒருத்தன்மேல இன்னொருத்தன் திணிக்கக்கூடாதுன்னுதான். ஞானஸ்நானத்தையே கட்டாயப்படுத்தக்கூடாதுன்னு உயிர் விட்டவங்களோட பிள்ளைங்க, மன்னிப்பைக் கட்டாயப்படுத்தினா அது அவங்க சொந்த மூதாதைகளுக்கே விரோதம். டிர்க்கைத் திரும்பிப் போன்னு யாரும் சொல்லல, அவராத் திரும்பினார். பொலிவியாவுல சிலுவையைச் சுமக்கச் சொன்னவங்க யாரும் அதைச் சுமக்கல, பக்கத்துல உள்ள பலவீனமானவ தோள்ல தூக்கி வச்சாங்க. அந்த வித்தியாசத்தை மட்டும் தெளிவா சொல்லிட்டீங்கன்னா போதும்.

இன்னொண்ணு, அனபாப்டிஸ்ட்னா வெள்ளைக்காரங்க, தொப்பி, தாடி, குதிரைன்னு பிள்ளைங்க நினைச்சுட வேண்டாம். இன்னைக்கு பெரும்பான்மை ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்காவுலதான். நம்ம பக்கத்துல தெலங்கானா மகபூப்நகர் பக்கம் மெனோனைட் பிரதரன் சபைங்க ஏராளம், சத்தீஸ்கர் தம்தரியில 1899-ல பஞ்ச நேரத்துல வந்து ஆரம்பிச்ச மிஷன் இருக்கு. எத்தியோப்பியாவுல மெசெரெட்டே கிறிஸ்டோஸ் சபையை 1982-ல கம்யூனிஸ்ட் சர்க்கார் பூட்டிடுச்சு, தலைவர்களை வருஷக்கணக்கா ஜெயில்ல போட்டாங்க. அப்ப அஞ்சாயிரம் பேர். வீட்டுல அஞ்சாறு பேரா கூடி ஜெபம் பண்ணி, பத்து வருஷம் கழிச்சு வெளிய வந்தப்ப முப்பதாயிரத்தைத் தாண்டியிருந்தாங்க. செல்போனும் பஸ்ஸும் எல்லாம் உள்ள சாதாரண ஊர் ஜனங்க, நம்ம மாதிரி. வாலிபர் கூட்டத்துக்கு இது ஆமிஷ் கதையைவிடக் கிட்டக்க இருக்கும்.

லாங்காஸ்டர்_ரோடு:

அக்கா சொன்னதுக்கு ஒண்ணு சேர்க்கிறேன். ஆமிஷ்காரங்களே மன்னிக்கிறது வேற, தண்டனையில இருந்து விடுறது வேறன்னு பிரிச்சுத்தான் பேசுறாங்க. அந்த டிரைவர் உயிரோட இருந்திருந்தா ஜெயில்லதான் இருந்திருக்கணும், இன்னொரு பிள்ளைக்கு ஆபத்து வரக்கூடாதுன்னு அவங்கள்லயே பலர் சொல்லியிருக்காங்க. ஆனா வீட்டுக்குள்ள நடக்கிற கொடுமையில இங்கயும் சபைக்குள்ளயே பேசி முடிச்சுடுற பழக்கம் இருந்திருக்கு, அதுக்காக சபைப் பெரியவங்க மேலயே கேஸ் வந்திருக்கு, ஹெப்சிபா சிஸ்டர் பயப்படுறது நியாயம்தான்.

ஹெப்சிபா_ஆர்:

நன்றி பிரதர், நன்றி எஸ்தர் அக்கா. தம்பி, நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு. போலீஸ்ல சொல்றது மன்னிப்புக்கு விரோதம் இல்லங்கிறதை முதல் அஞ்சு நிமிஷத்துலயே சொல்லிடுங்க, டிர்க் கதை அதுக்கப்புறம் வரட்டும். கடைசியில சொல்லிக்கலாம்னு வச்சா பாட்டு, ஜெபம்னு நேரம் போயிடும். பெண்கள் ஹெல்ப்லைன் 181, பிள்ளைங்களுக்கு 1098, ரெண்டு நம்பரையும் போர்டுல எழுதிப் போட்டுட்டு ஆரம்பிங்க. கூட்டம் முடிஞ்சதும் யாராவது தனியா பேசணும்னு வந்தா கூட இருக்க ஒரு அக்காவையும் முன்னாடியே சொல்லி வச்சுக்கோங்க.