பைக் ஓவர் ஹீட் ஆகி பாதி வழியில நிக்குது, அவசரம்

வேலூர்_வெயில்:
தினமும் காட்பாடி டு ராணிப்பேட்டை. மதியத்துல 20 நிமிஷம் ஓட்டினா பிக்கப் குறைஞ்சு ஆஃப் ஆகுது. கால் மணி நேரம் நிழல்ல போட்டா ஸ்டார்ட் ஆயிடுது. இன்ஜின் அனல் தாங்கல. ஆயில் புதுசுதான். நாளைக்கு ஷிஃப்ட் இருக்கு, யாராவது சொல்லுங்க.

ஒத்தக்_கண்ணாடி:
என்ன வண்டி, எத்தனை சிசி? கார்ப்பரேட்டரா, எஃப்ஐயா (ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்)? கூலன்ட் இருக்கா?

பழைய_ஸ்பேனர்:
டாக்டர்கிட்ட போய் "உடம்பு முடியல"ன்னு மட்டும் சொல்லிட்டு உக்காந்தா எப்படி? கி.மீ. எவ்வளவு, கடைசி சர்வீஸ்ல எதைத் தொட்டாங்க, எல்லாம் எழுதுங்க. இதையே எத்தனை தடவை சொல்றது.

மணல்மேடு:
சூடெல்லாம் இல்ல ப்ரோ, டேங்க் மூடியில காத்து ஓட்டை அடைச்சிருக்கும். நின்னதும் மூடியைத் திறங்க. உஸ்னு காத்தை இழுத்து உடனே ஸ்டார்ட் ஆனா அதேதான்.

வேலூர்_வெயில்:
150 சிசி, ஏர் கூலிங், கார்ப், 48,000 கி.மீ. மூடி திறந்தேன், உஸ் வரல. போன வாரம் சர்வீஸ்ல ஆயில் மாத்தி டாப்பெட் (வால்வு இடைவெளி) செட் பண்ணாங்க. இப்ப டாப்பெட் சத்தமே இல்ல, அது சூப்பர்.

கரி_ப்ளக்:
சத்தமே இல்லைன்னா அதுதான் சந்தேகம். டிக் டிக்னு லேசா கேக்கணும். இடைவெளி இல்லாம இறுக்கி வச்சா, சூட்டுல எக்ஸாஸ்ட் வால்வு நீண்டு சீட்ல முழுசா உக்காராது. வால்வு சூடு சீட் வழியாத்தான் ஹெட்டுக்கு இறங்கும். உக்காரலைன்னா கம்ப்ரஷனும் போகும், வால்வும் கருகும்.

அடுத்து நின்னதும் கிக்கரைக் கையால அழுத்துங்க. தடையே இல்லாம இறங்கினா டாப்பெட். கெட்டியா இருந்தா ப்ளக்கைக் கழட்டி ஸ்பார்க் பாருங்க. ஸ்பார்க் இல்லைன்னா சூட்டுல காயில் படுக்குது.

செட் பண்றதுக்கு ராத்திரி முழுக்க ஆறின இன்ஜின் வேணும். மேக்னட்ல 'டி' கோட்டைக் குறிக்கு நேரா நிறுத்துங்க. ரெண்டு ராக்கரும் (வால்வை அழுத்தற கை) லேசா ஆடணும். ஆடலைன்னா இன்னும் ஒரு முழுச் சுத்து. அளவு மேனுவல்ல பாருங்க. இந்த ரகத்துக்குப் பெரும்பாலும் இன்லெட் 0.05–0.08, எக்ஸாஸ்ட் 0.08–0.12 மி.மீ. லாக் நட் இறுக்கறப்ப ஸ்க்ரூவும் கூடவே திரும்பிடும். இறுக்கின பிறகு ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கற தகடு) மறுபடி விட்டுப் பாருங்க, நிறைய பேர் அங்கதான் கோட்டை விடறாங்க.

ஒத்தக்_கண்ணாடி:
அப்படியே சென்டர் ஸ்டாண்ட் போட்டு பின் சக்கரத்தையும் சுத்திப் பாருங்க. பிரேக் பிடிச்சுக்கிட்டே ஓடினாலும் இன்ஜின் இப்படித்தான் காயும்.

மணல்மேடு:
எதுக்கு இவ்வளவு? வெயிலுக்கு 20டபிள்யூ50 கார் ஆயில் ஊத்துங்க, நின்னா தண்ணி தெளிங்க.

பழைய_ஸ்பேனர்:
நல்லா சொன்னீங்க. கிளட்ச் பிளேட் ஆயில்லதான் முங்கிக் கிடக்கு. வழுக்கல் மருந்து சேர்த்த கார் ஆயில் போனா கிளட்ச் ஸ்லிப் ஆகி இன்னும் சூடேறும். டப்பாவுல பைக் ஆயிலுக்கான ஜாசோ தரக் குறி, எம்ஏ அல்லது எம்ஏ2, இருக்கணும். கொதிக்கிற ஹெட்டுல தண்ணி பட்டா விரிசல் விடலாம்.

மணல்மேடு:
மழையில ஓட்டறப்ப மட்டும் விரிசல் விடாதோ?

பழைய_ஸ்பேனர்:
மழையில ஓடிக்கிட்டே நனையுது, இன்ஜின் அவ்வளவு காயறதே இல்ல. இதுகூடவா விளக்கணும்?

வேலூர்_வெயில்:
கிக்கர் லொடலொடன்னு இறங்குச்சு. காலையில கேஜ் விட்டேன், எக்ஸாஸ்ட்ல 0.05 கூட நுழையல. 0.10 வச்சாச்சு. இன்னைக்கு நிக்கல. நன்றிண்ணே.

கரி_ப்ளக்:
ஒரு வாரம் அப்படியே ஓடியிருக்கு, கம்ப்ரஷன் ஒருக்கா செக் பண்ணிடுங்க. ப்ளக் என்ன கலர்ல இருந்துச்சு?

மணல்மேடு:
அவர் போயிட்டார். ஒரு டீசல் வண்டி ஆயில் டப்பாவுலயும் எம்ஏன்னு போட்டிருக்கே, அதை ஊத்தலாமா?