சர்க்கரை போடாத ஆப்பிள் மசியல்: நீர்த்துப் போகிறது, கறுக்கிறது. என்ன செய்யலாம்?

மறையூர்வாசி:
அப்பாவுக்குக் கீழ்வரிசைப் பல்லெல்லாம் எடுத்தாயிற்று. புதுப் பல்செட் வர நாளாகும். சுகரும் இருப்பதால், ஆப்பிளைச் சர்க்கரை போடாமல் வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம் என்று பார்க்கிறேன். காந்தளூர் ஆப்பிள் ஒரு கிலோ வாங்கி, தோல் சீவி, மூழ்கும்வரை தண்ணீர் விட்டு இரும்புச் சட்டியில் வேகவைத்தேன். ரசம் மாதிரி ஓடுகிறது. நிறம் கறுப்பு, புளிப்பு வேறு, நாக்கில் ஏதோ துருவாடை. "மறையூரில் இருந்துகொண்டு வெல்லத்துக்கா பஞ்சம், ஒரு உருண்டையைப் போடு" என்கிறார்கள் வீட்டில். போடலாமா?

கம்பத்து மருமகள்:
சட்டியை மாற்றுங்கள் அக்கா. ஆப்பிளில் புளிப்பும் துவர்ப்பும் உண்டு, இரும்பு பட்டால் கறுத்துவிடும். வாடையும் அதனால்தான். அடி கனமான எவர்சில்வர் பாத்திரம் போதும். ஒரு கிலோவுக்கு அரை டம்ளர் தண்ணீருக்கு மேல் வேண்டாம், பழமே நீர் விடும். மூடி போட்டுச் சிறுதீயில் 15, 20 நிமிடம், அப்புறம் பருப்பு மத்தால் கடையுங்கள். மிக்ஸியில் அடித்தால் வழவழவென்று ஆகிவிடும், எனக்குப் பிடிக்காது. இப்போது நீர்த்திருப்பதை எவர்சில்வருக்கு மாற்றி, திறந்து வைத்துக் கிளறிச் சுண்டவிட்டால் கெட்டியாகும். கறுப்பு மட்டும் போகாது.

செங்கோட்டை சமையல்:
குக்கரில் 2 விசில் விட்டால் வேலை முடிந்தது. இவ்வளவு பாடு எதற்கு?

குமுளி டீக்கடை:
அண்ணாச்சி, நேரடியாகக் குக்கரில் போடச் சொல்லாதீர்கள். வெந்த ஆப்பிள் நுரைத்துப் பொங்கி ஆவித்துளையை அடைக்கும். அடைத்தால் ஆபத்து. குக்கர்தான் வேண்டுமென்றால் அடியில் தண்ணீர் ஊற்றி, துண்டுகளைத் தனிப் பாத்திரத்தில் போட்டுத் தட்டு மூடி வையுங்கள். பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். பிரஷர் தானாக இறங்கிய பிறகு திறங்கள்.

வெல்லத்துக்கு வருகிறேன். மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நல்ல சரக்குதான். ஆனால் சுகருக்கு வெல்லமும் சர்க்கரைதான். போடாமல் விட்டாலும் இனிப்பு இல்லாமல் போகாது: 100 கிராம் ஆப்பிளிலேயே சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கிறது. மசித்தால் கடித்துத் தின்பதைவிடச் சீக்கிரம் உள்ளே போகும், கிண்ணம் கிண்ணமாகக் கொடுக்காதீர்கள். எவ்வளவு என்று அப்பாவைப் பார்க்கும் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

மறையூர்வாசி:
எவர்சில்வரில் செய்தேன். நிறமும் கெட்டியும் சரி. புளிப்பு மட்டும் குறையவில்லை.

கம்பத்து மருமகள்:
பழம் முற்றாமல் பறித்ததாக இருக்கும். இரண்டு மூன்று நாள் வெளியே வையுங்கள். பழுத்த வாழைப்பழம் ஒன்றை அதே பையில் போட்டால் சீக்கிரம் பழுக்கும். அல்லது இனிப்பான கலா, ஃபியூஜி ரக ஆப்பிள் பாதி சேருங்கள். வேகும்போது ஒரு துண்டு பட்டை, இறக்கும்போது இரண்டு ஏலக்காய் தட்டிப் போட்டால் வாசனையிலேயே இனிப்பு தெரியும். உங்கள் பக்கம் ஏலக்காயைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா என்ன! சீவிய சிவப்புத் தோலைத் துணியில் முடிந்து கூடவே வேகவைத்து எடுத்துவிடுங்கள். லேசாக ரோஸ் நிறம் வரும், தோலில் இருக்கும் பெக்டின் கெட்டிப்படுத்தும். விதையை மட்டும் முதலிலேயே எடுத்துவிட வேண்டும்.

மறையூர்வாசி:
ஒரேயடியாகச் செய்து வைத்தால் எத்தனை நாள் தாங்கும்? இங்கே கரண்ட் அடிக்கடி போகிறது.

குமுளி டீக்கடை:
ஃபிரிட்ஜில் 4 நாள் வைக்கலாம். சர்க்கரை போடாததால் ஜாம் மாதிரி வெளியே வைக்கவே கூடாது. ஃப்ரீசரில் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவிட்டு, வேண்டியதை மட்டும் எடுக்கலாம். ஆனால் கரண்ட் நெடுநேரம் போய் முழுக்க உருகி, குளிர்ச்சியும் விட்டுப்போனால் கொட்டிவிடுங்கள். உங்கள் ஊர் நிலைமைக்கு ஒரு தடவைக்கு 2 ஆப்பிள் போட்டுச் செய்வதுதான் தோது. ஈறு ஆறும்வரை வெதுவெதுப்பாகக் கொடுங்கள், சூடு வேண்டாம்.