வொலம்பின் உச்சிப் பாதை மூடியே இருக்கட்டுமா?

மழைப்பிரியன்:
செப்டம்பர் பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு பிரிஸ்பேனிலிருந்து காரில் கிளம்புகிறோம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இருக்கும் வொலம்பின் மலையுச்சியில் சூரிய உதயம் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. மவுண்ட் வார்னிங் என்று கேப்டன் குக் 1770இல் பெயர் வைத்த அதே மலைதான். பாதை 2020 மார்ச்சிலிருந்து மூடியிருப்பது தெரியும். தடுப்பைத் தாண்டி ஆட்கள் இன்னும் ஏறுகிறார்கள் என்று நண்பர் சொல்கிறார். போகலாமா?

வேல்முருகன்:
தாண்டிப் போங்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூடியதே தவறு என்பேன். முதலில் கொரோனா என்றார்கள். அப்புறம் மண்சரிவு ஆபத்து, உச்சிக்குக் கீழே பாறையில் பிடித்து ஏறும் சங்கிலி பாதுகாப்பில்லை என்றார்கள். 2022 அக்டோபரில் வந்த மேலாண்மைத் திட்டம் பண்பாட்டுக் காரணத்தை முன்வைத்து, பொதுமக்களுக்கு நிரந்தரமாக மூடச் சொன்னது. போக வர 8.8 கிலோமீட்டர்; ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் நடந்த பாதை அது. தேசியப் பூங்கா எல்லோருக்கும் பொதுவான நிலம். சங்கிலி பழுதென்றால் மாற்ற வேண்டியதுதானே?

தாரணி:
அண்ணா, அந்த ஒரு லட்சம்தான் என் வாதமும். உச்சியில் கழிப்பறை கிடையாது. அத்தனை பேர் விட்டுவந்த அசுத்தம் எங்கே போயிருக்கும்? அந்தப் பகுதிப் பழங்குடியினரான பன்ஜலங் மக்களுக்கு அது புனித இடம். 2014இல் மாநில அரசே அதைப் பழங்குடிப் பண்பாட்டு இடமாக அறிவித்தது. ஏற வேண்டாம் என்று அடிவாரத்திலேயே பலகை வைத்துக் கேட்டுக்கொண்டார்கள். அதைப் படித்துவிட்டும்தான் கூட்டம் ஏறியது. நடு ஆஸ்திரேலியாவின் புனிதப் பாறையான உளுருவில் ஏறுவதை 2019 அக்டோபரில் நிறுத்தியபோதும் இதே எதிர்ப்பு வந்தது. இன்று மக்கள் அதன் அடியைச் சுற்றி நடந்துவிட்டு வருகிறார்கள்.

வேல்முருகன்:
உளுரு வேறு, தாரணி. அந்த நிலம் 1985இலேயே அங்குள்ள பழங்குடியினரான அனங்கு மக்களிடம் திருப்பித் தரப்பட்டது. நிர்வாகக் குழுவில் அவர்களுக்கே பெரும்பான்மை. அவர்கள் முடிவெடுத்தார்கள், நான் ஏற்கிறேன். இங்கே வொலம்பினுக்காக யார் பேசலாம் என்பதிலேயே பழங்குடியினருக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. அது வெளிப்படையாகவே வந்திருக்கிறது. அது தீராமல் எப்படி நிரந்தரமாக மூடலாம்?

தாரணி:
தீராமல் எப்படித் திறக்கலாம் என்றும் கேட்கலாமே. திறந்து வைத்தால் ஏறுபவர்கள் பக்கம் முடிவாகிவிட்டது என்றுதான் அர்த்தம்.

கானகன்:
சண்டைக்கு நடுவே ஒன்று சொல்கிறேன். வொலம்பின் ஓர் எரிமலையின் நடுத்தண்டு மட்டும்தான். சுமார் 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் குமுறிய ட்வீட் எரிமலையின் குழாய்க்குள் இறுகிய பாறை அது. சுற்றியிருந்த எரிமலைக் குழம்பை ட்வீட் ஆறும் மழையும் அரித்துத் தின்ன, தண்டு தனியே நிமிர்ந்து நிற்கிறது. மிச்சம் இருக்கும் பிரமாண்டமான விளிம்புதான் பார்டர் ரேஞ்சஸ், லாமிங்டன், ஸ்பிரிங்புரூக் தேசியப் பூங்காக்கள். மலையைப் பார்க்க விளிம்புக்குப் போக வேண்டும். உச்சியில் நின்றால் உச்சி தெரியாது.

காட்டுக்காக வருகிறீர்கள் என்றால் கேள்வியே இல்லை. லாமிங்டன் 1915இலேயே தேசியப் பூங்கா ஆனது. பின்னா பர்ராவிலிருந்து ஓ'ரெய்லீஸ் வரை விளிம்பை ஒட்டிப் போகும் பார்டர் டிராக் 21 கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். உயரம் கூடக் கூட வெயில் மறைந்து பாசி ஏறும், பனிமூட்டத்தில் அண்டார்டிக் பீச் மரங்கள் நிற்கும். கோண்ட்வானா கண்டம் உடையாமல் இருந்த காலத்து வம்சம் அவை. அந்த மரத்தடிக்கு ஒருமுறை போனவர்கள் உச்சியைப் பற்றி இவ்வளவு பேச மாட்டார்கள் என்று நினைக்கிறேன். குழந்தைகளுக்கு அவ்வளவு தூரம் முடியாது என்றால், ஸ்பிரிங்புரூக்கில் பெஸ்ட் ஆஃப் ஆல் லுக்அவுட் போகும் சிறு நடையிலேயே பீச் மரங்களைப் பார்க்கலாம்.

வேல்முருகன்:
லாமிங்டன் அருமை, மறுக்கவில்லை. ஆனால் பக்கத்துக் காடு நன்றாக இருப்பது இந்தப் பாதையை மூடக் காரணமாகாது. சங்கிலியில் தொங்கி ஏறி, அந்தப் பெருவட்டத்தின் நடுவில் நின்று நாலாபுறமும் விளிம்பைப் பார்ப்பது வேறு அனுபவம். என் பிள்ளைகளுக்கு அது கிடைக்காது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அனுமதிச் சீட்டு, நாளுக்கு இத்தனை பேர், வழிகாட்டியாகப் பன்ஜலங் இளைஞர்கள் என்று ஒரு வழியை யோசித்திருக்கலாம்.

தாரணி:
அந்த யோசனையை அவர்களிடமிருந்து வரவிடுங்கள், அண்ணா. வந்தால் உங்களோடு சேர்ந்து நானும் சீட்டு வாங்குவேன்.

மழைப்பிரியன்:
சரி, தடுப்பைத் தாண்டும் யோசனையை விட்டுவிட்டேன். கானகன், விளிம்பிலிருந்து உதயம் பார்க்க எது நல்ல இடம்?

கானகன்:
பார்டர் ரேஞ்சஸில் பினக்கிள் லுக்அவுட். வொலம்பின் நேர் கிழக்குப் பக்கம் இருப்பதால் சூரியன் அதன் பின்னணியில் எழும். கார் நிறுத்துமிடத்திலிருந்து சில நிமிட நடைதான். மேலே போவது மண்சாலை, மழை பெய்திருந்தால் திறந்திருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். இரவு ஃபாரஸ்ட் டாப்ஸ் முகாமில் தங்கலாம், முன்பதிவு வேண்டும். அட்டை கடிக்கும், நீளமான காலுறை போடுங்கள். பயணம் அக்டோபருக்குள் நீண்டால் கடிகாரத்தைக் கவனியுங்கள்: முதல் ஞாயிறிலிருந்து நியூ சவுத் வேல்ஸ் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும், பிரிஸ்பேன் மாறாது.