பாசிக்குடா பவள மண்ணில் ஸ்ட்ரோன்சியம் விகிதம் கூடுது, யாராவது உதவுங்கோ

அண்ணாமார் அக்காமார், ஆய்வு இதோட நிக்குது. பாசிக்குடாப் பக்கம் கரையில் இருந்து கொஞ்சம் உள்ளே எடுத்த 1.4 மீற்றர் மண் கம்பம், முழுக்கப் பவளத் துண்டும் சிப்பித் தூளும். மேல் 20 சென்ரிமீற்றரில் ஸ்ட்ரோன்சியம் 87/86 விகிதம் (அந்த மூலகத்தின் இரண்டு ஐசோடோப்புகளின் விகிதம்) 0.70918, அது இன்றைய கடல்நீரின் அளவுதான், பிரச்சினை இல்லை. 90 சென்ரிமீற்றருக்குக் கீழே 0.7096க்கு ஏறுது. சில ஆயிரம் வருசத்தில் கடல் இவ்வளவு மாறாதே!

முதல் தரம் ஐதான நைத்திரிக் அமிலத்தில் கரைத்தது என் பிழை, களியில் இருந்ததும் சேர்ந்து வந்திருக்கும். அதனால் அமோனியம் அசற்றேற்றால் கழுவி, மெல்லிய அசற்றிக் அமிலத்தில் திரும்பக் கரைத்தேன், 0.7095க்குத்தான் இறங்கியது. கருவியைச் சரிபார்க்கும் எஸ்ஆர்எம் 987 நியம மாதிரி சரியாக 0.71025 காட்டியது, ஆகவே கருவியில் குறையில்லை. ருபீடியம் 87 கலந்து அளவைக் கூட்டாமல் செய்யும் திருத்தமும் பார்த்தாச்சு.

எக்ஸ்ஆர்டியில் (கனிமங்களை இனங்காணும் எக்ஸ் கதிர்ச் சோதனை) கீழ்ப்பகுதியில் பவளத்தின் மூலக் கனிமமான அரகனைற்று குறைந்து, அதே கல்சியம் காபனேற்றின் வேறு வடிவமான கல்சைற்று தெரியுது, ஸ்ட்ரோன்சியமும் 7000 பிபிஎம்மில் இருந்து 2500க்கு விழுந்திருக்கு. துண்டை உடைத்தால் உள்ளே சீனி போல மினுங்குது. நன்னீர் புகுந்து மீளப் படிகமாகியிருக்கும் என்று நினைக்கிறேன், எங்கட பக்கத்துப் பழைய நைஸ் பாறையில் ஊறி வரும் நிலத்தடி நீரில் விகிதம் கூடத்தானே இருக்கும். ஆனால் அதே பாறையில் இருந்து வந்த களியும் இதே வேலையைக் காட்டும்.

மிச்சம் 2 கிராம்தான் கிடக்கு. களியா, நிலத்தடி நீரா என்று பிரித்தறிய அதில் எந்தச் சோதனையைச் செய்யலாம்?