அந்த அத்தியாயம் வரும் என்று முன்பே தெரிந்திருந்தால்

பின்னட்டையில் 'மனதை வருடும் குடும்பக் கதை' என்று போட்டிருந்தது. நெருங்கிய தோழி பரிசாகக் கொடுத்த நாவல். பதினாலாவது அத்தியாயத்தில் ஸ்கேன் அறை வருகிறது. டாக்டர் ஒரே இடத்தில் கருவியை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேச்சை நிறுத்துகிறார், பிறகு திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறார். அதே மாதிரி ஒரு திரை என் கண்முன்னே திரும்பி அப்போது ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. புத்தகத்தை மூடி, அலமாரியில் மற்ற புத்தகங்களுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். அன்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

எழுதியவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. ரொம்ப உண்மையாக எழுதியிருந்தார், அதனால்தான் அவ்வளவு வலித்தது. முன்பக்கத்தில் எச்சரிக்கையாக ஒரு வரி இருந்திருந்தால் ஒரு வருஷம் கழித்து எடுத்திருப்பேன், அவ்வளவுதான். இப்போதெல்லாம் யார் நாவல் சொன்னாலும் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: குழந்தை இறக்கிறதா? உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

*

நீங்கள் கேட்பது மாதிரியேதான் இங்கேயும். எங்கள் வீட்டில் நாய் போன பிறகு மகள் எந்தக் கதையை எடுத்தாலும் 'இதுல நாய் சாகுமா?' என்று கேட்பாள். அதற்கென்றே 'டஸ் தி டாக் டை' என்று ஒரு தளம் இருக்கிறது. சினிமாவோடு புத்தகங்களும் உண்டு. ஆமாம், இல்லை என்று வாசகர்களே ஓட்டுப் போடுகிறார்கள். ஸ்டோரிகிராஃப் என்ற வாசகர் தளத்தில் இன்னும் கொஞ்சம் விவரம் கிடைக்கும்: அந்த விஷயம் விரிவாக வருகிறதா, மிதமாகவா, லேசாகத் தொட்டுப் போகிறதா என்று மூன்று நிலையாகக் குறிக்கிறார்கள். எனக்கு அந்தப் பிரிவுதான் முக்கியம். ஒரு வரியில் வந்து போவதும் பத்துப் பக்கம் நீள்வதும் ஒன்றா?

*

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். விபத்துக்கு அப்புறம் கார் வரும் கதையைக்கூடத் தொடாமல் இருந்தேன். தவிர்க்கத் தவிர்க்கப் பயம் குறையாது, வளரத்தான் செய்யும் என்று என் ஆலோசகர் பொறுமையாகப் புரிய வைத்தார். இப்படி முன்கூட்டியே போடும் எச்சரிக்கைகளைப் பற்றிய 12 ஆய்வுகளைத் தொகுத்து 2023-இல் ஒரு கட்டுரை வந்தது. எச்சரிக்கை போட்டாலும் வலி குறைவதில்லை, படிக்கும் முன் பதற்றம்தான் கூடுகிறது என்பது அதன் முடிவு. என் அனுபவமும் அதுதான். ஒரு நாவலின் எச்சரிக்கைப் பட்டியலில் 'சாலை விபத்து' என்று பார்த்ததுமே நெஞ்சு படபடத்தது. ஆனாலும் எனக்கு அந்தப் பட்டியல் வேண்டும். அது இருந்ததால்தான் பகல் வேளையாகப் பார்த்து, அக்கா பக்கத்தில் இருக்கும்போது அந்த நாவலைப் படித்து முடித்தேன். நடுராத்திரியில் தனியாக மாட்டிக்கொள்ளவில்லை.

கதை உடைந்துவிடும் என்று சிலர் வருத்தப்படுவதும் நியாயம்தான். பட்டியலைக் கடைசிப் பக்கத்தில் வைத்து, முன்னால் 'விவரம் கடைசியில்' என்று மட்டும் போடலாமே. வேண்டியவர் புரட்டிப் பார்த்துக்கொள்வார்.

*

முதலில் எழுதியவள்தான். இதையெல்லாம் படித்த பிறகு புத்தகத்தை வெளியே எடுத்தேன். கொடுத்த தோழியிடமே விஷயத்தைச் சொன்னேன், பாவம், அழுதுவிட்டாள். பதினாலாம் அத்தியாயத்தை அவளே மறுபடி படித்து, அந்த ஒன்பது பக்கங்களையும் சேர்த்து ஒரு கிளிப் மாட்டிக் கொடுத்திருக்கிறாள். நேற்று பதினைந்திலிருந்து தொடங்கினேன். கிளிப் அப்படியே இருக்கிறது.