கொரியாவில் வேலை, வீடு, மனிதர்கள்: பார்த்ததும் பட்டதும்

சாங்வொன், ஐந்து வருடம்

கொரியா என்று பேச்சை எடுத்தாலே நம்மாட்கள் "அங்கேயும் அம்மா, அப்பாதானாமே" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆமாம், அவர்கள் ஓம்மா, ஆப்பா என்பார்கள். புல்லுக்குப் புல்தான், நீக்கு நீதான். 1905இலேயே ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டுப் புத்தகம் போட்டார். மொழியியல்காரர்கள் அந்த உறவை ஒப்புக்கொள்ளவில்லை. அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. 'நம்மள மாதிரியேதான்' என்ற நினைப்போடு போய் இறங்கி நான் பட்டதைச் சொல்கிறேன்.

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் குவாலிட்டியில் இருந்தேன். 2019 பிப்ரவரியில் சாங்வொனில் இருக்கிற தாய்க் கம்பெனிக்கு அனுப்பினார்கள். அந்த ஊர் முழுக்க இயந்திரத் தொழிற்சாலைதான், நம் அம்பத்தூரை அகலமாக்கிக் கழுவி வைத்த மாதிரி. 'பல்லி பல்லி', அதாவது சீக்கிரம் சீக்கிரம், என்ற சொல் ஒரகடத்திலேயே பழக்கம். கொரியர் யாராவது லைன் பக்கம் வந்தால் பையன்கள் "டேய், பல்லி வருது" என்பார்கள். பல்லி ஊர்ந்துதானே வரும், இவர்கள் ஓடித்தான் வருவார்கள்.

போன முதல் மணி நேரத்தில் மூன்று பேர் என் வயதைக் கேட்டார்கள். வம்புக்குக் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது, வயது தெரியாமல் அவர்களால் ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க முடியாது. நாம் நீ, நீங்கள் என்று பிரிப்பதோடு விட்டுவிடுகிறோம். அவர்களுக்கு மரியாதை முழுக்க வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. பேச்சின் கடைசியில் 'யோ' வந்தால் மரியாதை. வராவிட்டால் ஒன்று நெருக்கம், இல்லை மட்டம். ஒரு வயது மூத்தவன்கூட மூத்தவன்தான். 2023 ஜூன் 28இல் சட்டம் போட்டு எல்லாருக்கும் வயதை மற்ற நாடுகளைப் போலக் கணக்கிட ஆரம்பித்தபோது, நாடே ஒன்றிரண்டு வயது இளைத்தது. எங்கள் புஜாங்நிம் அன்று காலை வந்து, "எனக்கு வயசு குறைஞ்சிருச்சு, முதுகு வலிக்கு மட்டும் சட்டம் இன்னும் வரல" என்றார்.

புஜாங் என்றால் துறைத் தலைவர், நிம் என்பது நம் 'அவர்கள்' மாதிரி. ஐந்து வருடத்தில் அவர் பெயரை நான் ஒருதடவைகூட வாயால் சொன்னதில்லை. காண்டீனில் அவர் கரண்டியை வைத்தால் மேசையில் இருக்கிற எல்லாரும் வைப்பார்கள். அவர் சாப்பிடுவது ஏழு நிமிடம். எனக்குச் சோற்றைப் பிசைவதற்கே அவ்வளவு ஆகும்.

மாலை ஆறு மணிக்கு யாரும் எழமாட்டார்கள். புஜாங்நிம் நாற்காலி அசைகிறதா என்று எல்லாருக்கும் முதுகில் ஒரு கண். சொல்லாததைப் புரிந்துகொள்கிற இந்தச் சாமர்த்தியத்துக்கு நுன்ச்சி என்று பெயர். அது இல்லாதவன் எவ்வளவு வேலை தெரிந்தாலும் தேறமாட்டான். வாரத்துக்கு 52 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்ற சட்டம் 2018 ஜூலையில் பெரிய கம்பெனிகளில் தொடங்கி, 50 முதல் 299 பேர் வரை இருக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு 2020 ஜனவரியில் வந்தது. வந்த புதிதில் நாங்கள் என்ன செய்தோம் என்றால், ஆறரைக்குக் கார்டைத் தேய்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தோம். யாரும் உத்தரவு போடவில்லை. அதுதான் நுன்ச்சி.

ஹ்வேஷிக் என்கிற ஆபீஸ் விருந்தைப் பற்றி எல்லாரும் சீரியலில் பார்த்திருப்பீர்கள். பன்றி இறைச்சியைச் சுட்டு, சோஜு என்கிற அவர்கள் ஊர்ச் சாராயம் ஊற்றி, முதல் கடை முடிந்து இரண்டாம் கடை, அப்புறம் பாட்டு அறை. எனக்குக் கறியும் ஆகாது, குடியும் ஆகாது. கீரை இலையில் பூண்டும் சோறும் வைத்து மடித்துச் சாப்பிட்டுக்கொண்டு சைடர் குடிப்பேன் (அங்கே சைடர் என்றால் நம் சோடா மாதிரிதான்). பெரியவர் ஊற்றினால் இரண்டு கையாலும் வாங்க வேண்டும். அது எனக்குத் தானாக வந்தது, தாம்பூலம் வாங்கிய கைதானே. ஆனால் பெரியவர் எதிரில் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு குடிப்பது எனக்குப் புதிது. நம் ஊரில் அப்பா தெருமுனையில் வந்தாலே டம்ளர் மறைந்துவிடும். அங்கே அப்பாவே ஊற்றுவார், பையன் சுவரைப் பார்த்துக் குடிப்பான். கொரோனாவுக்குப் பிறகு இதெல்லாம் பாதியாகிவிட்டது. இருபத்தாறு வயதுப் பையன் ஒருவன் "எனக்கு இன்னிக்கு ஜிம் இருக்கு" என்று புஜாங்நிம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனான். அவன் போன பிறகு யாரும் ஐந்து நிமிடம் பேசவில்லை. நம் பையன்கள் 'பூமர் அங்கிள்' என்கிற இடத்தில் அவர்கள் 'கொந்தே' என்பார்கள். அந்தச் சொல்லை அவர் தனக்குத்தானே மெதுவாகச் சொல்லிக்கொண்டு கறியைத் திருப்பிப் போட்டார்.

இவரிடம் எனக்குப் பயம் மட்டும்தான் இருந்தது. 2023 சுசொக் வரை.

சுசொக் அவர்களுக்குப் பொங்கலும் மகாளய அமாவாசையும் சேர்ந்து வந்த மாதிரி. புது அரிசி, முன்னோருக்குப் படையல், கல்லறையில் புல் வெட்டுவது, நெடுஞ்சாலை முழுக்கக் கார். அந்த வருடம் செப்டம்பர் 28இலிருந்து ஆறு நாள் விடுமுறை. நான் ஒற்றை அறையில் ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். மனைவியும் பையனும் வாலாஜாபாத்தில். அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் புஜாங்நிம், கையில் துணி சுற்றிய டப்பா. காலையில் அண்ணன் வீட்டுக்குப் போய்ப் படையலில் கும்பிட்டுவிட்டு, மதியமே கிளம்பி வந்துவிட்டாராம்.

டப்பாவுக்குள் சொங்பியொன், அவர்கள் ஊர் அரிசிமாவுக் கொழுக்கட்டை. பைன் ஊசியிலையைப் பரப்பி அதன் மேல் வேகவைத்தது. ஒன்றை எடுத்துக் கடித்தேன். எள்ளுப் பூரணம்! பிள்ளையார் சதுர்த்தி போய்ப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது, அந்த வருடம் எனக்குக் கொழுக்கட்டை கிடையாது என்று முடிவு கட்டியிருந்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. காரம் என்று சொல்லிச் சமாளித்தேன், இனிப்பைத் தின்றுகொண்டு.

அவர் தரையில் உட்கார்ந்து ரசத்தைக் கிண்ணத்தில் வாங்கிக் குடித்தார். மனைவியும் இரண்டு பெண்களும் கனடாவில் இருக்கிறார்கள் என்று அன்றுதான் தெரியும். பெரியவளுக்குப் பத்து வயதானபோது இங்கிலீஷுக்காகவும், இங்கே இரவு பத்து மணி வரை டியூஷன் என்கிற ஓட்டத்திலிருந்து தப்பவும் அனுப்பியது. ஒன்பது வருடம் ஆகிவிட்டது. இப்படிப்பட்ட அப்பாக்களுக்கு அங்கே 'கிரொகி ஆப்பா' என்று பெயர். கிரொகி என்றால் காட்டு வாத்து. ஜோடியை விட்டுப் பிரியாத பறவை என்று பழைய முறைக் கல்யாணத்தில் மரத்தில் செதுக்கி வைப்பார்களே, அதே வாத்து. வருடத்துக்கு ஒருமுறை பறந்து போய்ப் பார்த்துவிட்டு வருவதால் அந்தப் பெயர். காசு இருந்து நினைத்தபோது பறப்பவன் கழுகு அப்பா. டிக்கெட்டுக்கே வழியில்லாதவன் பெங்குவின் அப்பா. இதையெல்லாம் விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிட்டு, "பையனைப் பார்த்து எவ்வளவு நாள் ஆச்சு?" என்று கேட்டார். பதினான்கு மாதம் என்றேன்.

"அப்ப நீயும் பெங்குவின்தான்."

அதுவரை ஆபீசில் என்னிடம் ஒருநாளும் யோ போடாமல் பேசியதில்லை. அன்று அந்த வாக்கியத்தில் யோ இல்லை.

•

கிம்ஹே, நான்கு வருடம் (ஊர் மட்டக்களப்பு)

அண்ணா, உங்கட கதையை வாசிச்சன், நல்லாயிருந்தது. ஆனா அந்த யோ விசயத்தில எனக்கு வேற அனுபவம்.

நான் ஈ-9 விசாவில வந்தனான். 2004இல இந்தத் திட்டம் தொடங்கின நேரமே இலங்கை சேர்ந்திட்டுது. இந்தியாவுக்கு இது இல்லை, அதால உங்கட ஆக்களுக்குத் தெரிஞ்சிருக்காது. ஊரில கொரிய பாசை படிச்சு, சோதினை பாஸ் பண்ணி, பட்டியலில பேர் வந்து, பிறகு ஒரு முதலாளி எங்களைத் தெரிவு செய்யோணும். நான் வந்த இடம் எட்டுப் பேர் வேலை செய்யிற ஒரு பிரஸ் பட்டறை. முதல் மூண்டு வருசத்தில மூண்டு தரம்தான் இடம் மாறலாம். அதுவும் நினைச்சபடி ஏலாது, முதலாளி விடோணும், இல்லாட்டி அவரில பிழை இருக்கெண்டு காட்டோணும்.

சஜாங்நிம், அதான் முதலாளி, என்னைக் கூப்பிடுறது "யா!" பேர் இல்லை, யோவும் இல்லை. என்னை விட வயசு குறைஞ்ச கொரியப் பெடியனும் அப்பிடித்தான். உங்களுக்கு அந்த யோ இல்லாமப் போனது நெருக்கத்தில. எனக்கு அது முதல் நாளே இருக்கேல்லை. தங்கிற கொண்டெய்னருக்கும் சாப்பாட்டுக்கும் சம்பளத்தில வெட்டு வேற.

ஒரு பகிடி சொல்லுறன். சஜாங்நிம் கிம்ஹே கிம் வம்சம். அவையின்ர மூதாதை சுரோ ராசாவுக்கு, ஆயுதா எண்ட நாட்டில இருந்து கடல் தாண்டி வந்த ஹொ ஹ்வாங் ஓக் எண்ட ராணியைக் கட்டி வச்சதெண்டு 'சம்குக் யூசா' எண்ட பழைய ஏட்டில இருக்குது. ரெண்டு பேரின்ர சமாதியும் இந்த ஊரிலதான். ஒருநாள் நல்ல குடிவெறியில எனக்குப் பக்கத்தில வந்திருந்து, "எங்கட பாட்டி இந்தியாக்காரி, நீயும் நானும் சொந்தம்" எண்டார். நான் இலங்கை எண்டு எத்தினையோ தரம் சொல்லியாச்சு, அவருக்கு ரெண்டும் ஒண்டுதான். "சொந்தமெண்டா கொண்டெய்னர் வாடகையை விடுங்கோவன், சஜாங்நிம்" எண்டன். விழுந்து விழுந்து சிரிச்சார். வாடகையை விடேல்லை.

ஆனா ஒண்டு சொல்லோணும். அவற்ற மனுசி, சமோநிம், நான் மாடு சாப்பிடமாட்டன் எண்டு ஒருக்காச் சொன்னதை மறக்கேல்லை. எனக்கு மட்டும் முட்டையும் கடற்பாசி சூப்பும் தனியா வரும். அந்தச் சூப்பைப் பிள்ளை பெத்த தாய்க்குக் குடுப்பினம், பிறந்தநாளுக்கும் குடிப்பினம். என்ர பிறந்தநாளைப் பாஸ்போட்டில பாத்து வச்சு அண்டைக்குப் பெரிய கோப்பையில தந்தவ. மூண்டாம் வருசம் சஜாங்நிம் ஒரு புது வியட்நாம் பெடியனுக்கு என்னைக் காட்டி, பேரைச் சொல்லி, பின்னால 'ஷி' போட்டுக் கூப்பிட்டார். நம்மட 'ஐயா' அளவுக்கு வராது, ஆனா பேர் பேர்தானே. நான் மிசினை நிப்பாட்டிப்போட்டுத் திரும்பிப் பாத்தன்.

•

தேஜொன், மூன்று வருடம்

என் கணவர் இங்கே ஆராய்ச்சிக் கூடத்தில் போஸ்ட்டாக். சனிக்கிழமை லேப், பேராசிரியர் போகும்வரை லேப், அது எல்லாருக்கும் தெரிந்த கதை, விடுங்கள்.

நான் லிஃப்ட் பாட்டிகளைப் பற்றிச் சொல்கிறேன். கைக்குழந்தையோடு கீழே இறங்கினால் போதும், முன்பின் தெரியாத ஹல்மொனி ஒருத்தர், "இந்தப் பிள்ளைக்குக் காலுறை எங்கே?" என்று ஆரம்பிப்பார். ஆகஸ்ட் மாதத்தில்! அடுத்து என் வயது, அவர் வயது, அடுத்த குழந்தை எப்போது. பக்கத்து வீட்டுக் கொரியப் பெண்ணுக்கு இது பிடிக்காது, படிக்கட்டிலேயே இறங்கிவிடுவாள். எனக்கு மட்டும் தஞ்சாவூரில் இருக்கிற மாதிரி இருக்கும். 2023இல் இந்த நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.72 குழந்தை. எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த குழந்தைகள் காப்பகம் போன வருடம் முதியோர் பகல் பராமரிப்பு இல்லமாகிவிட்டது. சுவரில் வரைந்த ஒட்டகச்சிவிங்கியை அப்படியே விட்டுவிட்டார்கள்.

அந்தப் பாட்டிகளில் ஒருவர் விடிகாலையில் தள்ளுவண்டியில் அட்டைப்பெட்டி பொறுக்குவார். மகன்கள் இரண்டு பேர், சியோலில் நல்ல வேலை. பெற்றோரைக் கடவுளாகக் கும்பிடுகிற நாடு என்கிறோம், வளர்ந்த நாடுகளிலேயே முதியோர் வறுமை மிக அதிகம் இங்கேதான். ஒருநாள் நான் பெட்டிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, வண்டி அடியிலிருந்து இரண்டு பேரிக்காய் எடுத்துக் கையில் திணித்தார். வேண்டாம் என்றதற்குத் திட்டு விழுந்தது.

அண்ணா, அந்த புஜாங் இப்போது எங்கே இருக்கிறார்?

•

சாங்வொன்

கேட்டதால் சொல்கிறேன். மட்டக்களப்புத் தம்பி சொன்னதை நான் மறுக்கமாட்டேன். எங்கள் லைனிலும் அந்த விசாவில் வந்த பையன்கள் இருந்தார்கள். அவர்களை அதே புஜாங்நிம் எப்படிக் கூப்பிட்டார் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். யோ போட்டதாக ஞாபகம் இல்லை.

2024 கடைசியில் அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். கனடா போனார், நான்கு மாதத்தில் திரும்பிவிட்டார். சாப்பாட்டு மேசையில் பெண்கள் இரண்டு பேரும் தங்களுக்குள் இங்கிலீஷில் பேசிக்கொள்கிறார்களாம், இவர் நுன்ச்சியில் பாதியைத்தான் பிடிக்க முடிந்ததாம். இப்போது ஒரு அபார்ட்மென்டில் வாட்ச்மேன். குப்பை பிரிக்கிற இடத்தையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார். அங்கே அவர் அஜொஷி, வெறும் அங்கிள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூட யோ போட்டுத்தான் பதில் சொல்கிறார், நானே போனில் கேட்டேன்.

போன வாரம் பேசினேன். "பாப் மொகொஸ்ஸொ?" என்று ஆரம்பித்தார், சாப்பிட்டியா என்று. நான் ஊர் திரும்பியாகிவிட்டது, பையன் பக்கத்தில்தான் இருக்கிறான் என்றேன். சரி சரி என்றார். அதற்குள் யாரோ பார்சல் கேட்டு வந்துவிட்டார்கள். "நே, ஜம்ஷிமான்யோ," இதோ ஒரு நிமிஷம், என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டே போனை வைத்தார்.