முயலுக்குக் கெட்டமின்–சைலசின் போட்டால் ஆக்சிஜன் இறங்குகிறதே?

கேள்வி:
பல் எக்ஸ்ரேவுக்கு 2 கிலோ முயல். அரை மணி நேரம் அசையாமல் இருந்தால் போதும். மயக்கத்துக்குக் கிலோவுக்குக் கெட்டமின் 35 மி.கி., சைலசின் 5 மி.கி. தசையில் போட்டால் நன்றாகப் படுத்துவிடுகிறது. ஆனால் பத்து நிமிடத்தில் ஆக்சிமீட்டர் (ரத்த ஆக்சிஜனை அளக்கும் கருவி) 85% காட்டுகிறது, நாடியும் விழுகிறது. நாடியை ஏற்றும் அட்ரோபின் போட்டும் அது அசையவில்லை. முந்தின இரவே தீனியை நிறுத்திவிடுகிறோம். எங்கே தப்பு?

சிறுபிராணி:
எக்ஸ்ரேவுக்கு இவ்வளவு எதற்கு? இது அறுவைக்கான டோஸ். சைலசின் நாடியையும் மூச்சையும் சேர்த்தே அமுக்கும். முயலுக்கு நெஞ்சறை சின்னது, குருட்டுக்குடல் பெரிது. மல்லாக்கப் போட்டால் அந்தப் பாரமெல்லாம் உதரவிதானத்தின் மேல். வெளியே தெரியாத பாஸ்டுரெல்லா (பாக்டீரியா) தொற்று நுரையீரலில் இருந்தால் இன்னும் மோசம்.

அமைதிப்படுத்தும் மிடசோலம் 0.5 மி.கி., வலி குறைக்கும் பியூட்டோர்பனால் 0.3 மி.கி. (கிலோவுக்கு) போட்டுப் பாருங்கள். உங்கள் முயலுக்கு 5 மி.கி./மி.லி. மிடசோலத்தில் 0.2 மி.லி., 1 மி.கி./மி.லி. பியூட்டோர்பனாலில் 0.6 மி.லி. இடுப்புக்கு மேலுள்ள முதுகுத் தசையில் போடுங்கள். பின்தொடையின் பின்பக்கம் நரம்பில் பட்டுவிடும். கால் மணி நேரம் இருட்டில், சத்தமில்லாமல் விடுங்கள். போதாவிட்டால் மட்டும் கெட்டமின் கிலோவுக்கு 5 மி.கி.

அட்ரோபினை உடைக்கும் நொதி பல முயல்களுக்கு உடம்பிலேயே உண்டு. அதே வேலை செய்யும் கிளைக்கோபைரோலேட் கிலோவுக்கு 0.01 மி.கி. போட்டால் நிற்கும். சைலசினால் விழுந்த நாடிக்கு அதைவிட யோஹிம்பின் கிலோவுக்கு 0.2 மி.கி. கொடுத்துச் சைலசினையே முறிப்பதுதான் சரி.

பட்டினி வேண்டவே வேண்டாம். முயலுக்கு வாந்தி வராது, குடல்தான் நின்றுபோகும். ஒரு மணி நேரம் முன்பு தீனியை எடுத்துவிட்டு, வாயில் ஒதுங்கிய புல்லைத் துடைத்தால் போதும்.

மூக்குவழி:
முயல் மூக்கால்தான் மூச்சு விடும். கழுத்து மடங்கினாலோ மூக்கில் சளி அடைத்தாலோ தீர்ந்தது. தலையை நீட்டி, நெஞ்சுப் பக்கம் சற்று உயர்த்தி வையுங்கள். ஊசிக்கு முன் 5 நிமிடம் மாஸ்க்கில் ஆக்சிஜன், முடியும்வரை அதை எடுக்காதீர்கள். விழித்திருக்கும் முயலுக்கு மாஸ்க்கில் ஐசோஃப்ளூரேன் (மயக்க வாயு) கொடுக்காதீர்கள்: மூச்சைப் பிடித்துக்கொள்ளும், நாடி சரியும்.

கேட்டவர்:
ஆக்சிமீட்டர் மனிதர்களுக்கானது, காதில் மாட்டினேன். 85-ஐ நம்பலாமா?

மூக்குவழி:
அரைகுறையாகத்தான். முயல் நாடி 180–300. அந்தக் கருவிகள் பல 250-க்கு மேல் எண்ணாது. சைலசின் காது ரத்தக்குழாயை இறுக்குவதால் அளவும் குறைவாகக் காட்டும். திரையில் வரும் நாடியை ஸ்டெதஸ்கோப்பில் எண்ணியதோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் ஆக்சிஜன் எண்ணும் பொய். கிளிப்பை நாக்குக்கு மாற்றிப் பாருங்கள். அப்போதும் குறைவாக இருந்து, ஆக்சிஜன் கொடுத்ததும் ஏறினால், அது நிஜக் குறைவு.

சிறுபிராணி:
படம் எடுத்ததும் கூண்டில் போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். பிரிட்டனில் 2002–04-ல் எடுத்த கணக்கில் மயக்கத்தோடு தொடர்புடைய சாவு நாய்களில் 0.17%, முயல்களில் 1.39%, முயல் சாவுகளில் பாதிக்கு மேல் வேலை முடிந்த பிறகு. உடல் சூட்டை 38-க்குக் கீழே விடாதீர்கள், காதில் ஸ்பிரிட்டை ஊற்றி நனைக்காதீர்கள். தலை தூக்கியதும் முன்னால் புல் இருக்கட்டும். மாலைவரை தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்.